கிட் வேண்டாம், அரை மணி நேரம் கொடுங்க

1/ சின்னப் புள்ளைங்களுக்கு வீட்லயே சொல்லித் தரலாம்னு "ஆக்டிவிட்டி கிட்" வாங்கப் போறீங்களா? இன்ஸ்டாவுல பார்த்த டைம் டேபிளை பிரிண்ட் எடுத்து செவத்துல ஒட்டப் போறீங்களா? ஒரு பத்து நிமிஷம் பொறுங்க. இதைப் படிச்சிட்டு முடிவு பண்ணுங்க. நீளமான த்ரெட்தான். ஆனா உங்க பணமும் உங்க புள்ளையும் சம்பந்தப்பட்ட விஷயம்.

2/ நான் பள்ளிகொண்டா பக்கம் அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற எம்.பி.பி.எஸ். டாக்டர். குழந்தைகள் நல நிபுணர் இல்ல. ஓ.பி.யில தினமும் காய்ச்சல், சளி, வயித்துப்போக்குன்னு புள்ளைங்களைப் பார்க்கிறவன். இப்போ அதோட புதுசா ஒரு கேள்வியும் வருது. "டாக்டர், பக்கத்து வீட்டுப் புள்ள ஏபிசிடி எழுதுது. எங்களுது மூணு வயசு முடிஞ்சும் பென்சிலே புடிக்க மாட்டேங்குது. மூளைக்கு ஏதாவது டானிக் எழுதித் தாங்க."

3/ கேக்கிறது யாரு? ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்கு காலங்காத்தால வேன் ஏறுற அம்மா. வீட்லயே உக்காந்து ஜோடிக்கு இவ்வளவுன்னு ஷூ அப்பர் தைக்கிற அம்மா. பீடி சுத்துற அம்மா. மகளோ மருமகளோ வேலைக்குப் போனதும் புள்ளையைப் பாத்துக்கிற ஆயா (எங்க பக்கம் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்). இவங்க யாரும் சோம்பேறி இல்ல. புள்ள மேல அக்கறை இல்லாதவங்களும் இல்ல. அந்த அக்கறையைத்தான் ஒரு கூட்டம் காசாக்கிட்டு இருக்கு.

4/ ஒரு அம்மா போன்ல ஒரு பெட்டியோட படத்தைக் காட்டினாங்க. 2,800 ரூபா. உள்ளே என்ன? அழிச்சு அழிச்சு எழுதுற புக், படம் போட்ட அட்டை, மர மணி, ஒரு இடுக்கி, தண்ணியில போட்டா ஊதுற கலர் ஜெல் உருண்டை. கூடவே ஒரு டைம் டேபிள். காலை 9 மணியில இருந்து 12 வரைக்கும் எட்டு ஆக்டிவிட்டி. அந்த நேரத்துல அந்த அம்மா கம்பெனியில இருப்பாங்க. பெட்டியைத் திறந்து கொடுக்கப் போறது கண்புரை வந்த ஆயா.

5/ என் கட்சி இதுதான். ஆறு வயசுக்குள்ள இருக்கிற புள்ளைக்கு வீடுதான் முதல் பள்ளிக்கூடம். சந்தேகமே இல்ல. ஆனா அந்தப் பள்ளிக்கூடத்துல சாமான் குறையல. ஒரு பெரிய ஆளோட அரை மணி நேரம்தான் குறையுது. நேரத்தைப் பெட்டியில போட்டு விக்க முடியாது. அதனால சாமானை விக்கிறாங்க. நேரம் இல்லாத குற்ற உணர்ச்சியில நாமளும் வாங்குறோம்.

6/ முதல்ல பயத்தைக் கழட்டுவோம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009. அதுல கட்டாயம்ங்கிறது 6 வயசுல இருந்து 14 வரைக்கும்தான். மூணு வயசுப் புள்ள எந்தக் கேஜியிலயும் சேரலன்னா சட்டப்படி எந்தத் தப்பும் இல்ல. "இப்பவே விட்டா பின்னாடி புடிக்க முடியாது மேடம்"னு யாராவது சொன்னா, அவங்க கையில ரசீது புக் இருக்கான்னு பாருங்க.

7/ அடுத்து எழுத்து. புள்ளைங்க கை எப்படி வளருதுன்னு மருத்துவப் புத்தகத்துல தெளிவா இருக்கு. பார்த்து வரையச் சொன்னா சுமார் 3 வயசுல வட்டம் வரும். 4 வயசுல கூட்டல் குறி வரும். சதுரம் நாலரை, அஞ்சு வயசுல. முக்கோணம் 5 வயசுக்கு மேல. ஒண்ணு ரெண்டு மாசம் முன்னப் பின்ன இருக்கலாம். வரிசை பெரும்பாலும் இதுதான்.

8/ இப்போ 'அ' எழுதிப் பாருங்க. ஒரு சுழி, ஒரு வளைவு, குறுக்க ஒரு கோடு, கடைசியில நேரா ஒரு இறக்கம். 'இ'ன்னா இன்னும் மோசம். வட்டமே இப்பத்தான் வரஞ்சு பழகுற கைக்கு இது சர்க்கஸ். நம்ம மொழியில மூணு வயசுப் புள்ளை நியாயமா எழுதக்கூடிய எழுத்து ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு: ஃ. மூணு சின்ன வட்டம். அதோட விட்டுடுங்க.

9/ "அப்போ கையைப் புடிச்சு எழுத வச்சா?" எழுதும். உங்க கை எழுதும், புள்ளை கை கூட வரும். அழுகையும் வரும். பென்சிலைப் பார்த்தாலே ஓடுற புள்ளையை உருவாக்கினதுதான் மிச்சம். எழுத்துக்கு முன்னாடி விரல் பழகணும். அது பென்சில்ல பழகாது. கிள்ளுறது, உருட்டுறது, பிழியுறது, கிழிக்கிறது, பட்டன் போடுறது. இது எல்லாமே உங்க அடுப்படியில இலவசமா இருக்கு.

10/ உட்கார வைக்கிறது பத்தி. 2019ல உலக சுகாதார நிறுவனம் அஞ்சு வயசுக்குக் கீழ இருக்கிற புள்ளைங்களுக்குன்னு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. 1 முதல் 4 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு மொத்தமா 180 நிமிஷமாவது உடம்பு அசையணும். ஓடணும், ஏறணும், குதிக்கணும். அதே புள்ளையை மூணு மணி நேரம் உட்கார வச்சு எட்டு ஆக்டிவிட்டின்னு பெட்டிக்காரர் சொல்றார். யார் சொல்றதைக் கேக்கப் போறீங்க?

11/ அதே வழிகாட்டுதல்ல தூக்கமும் இருக்கு. 3, 4 வயசுப் புள்ளைக்குப் பகல் தூக்கம் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம். எங்க ஊர்ப் பேர்லயே பள்ளி இருக்குன்னு பெருமையா சொல்வாங்க. அது ஸ்கூல் இல்லங்க, படுக்கை. பாலாத்தங்கரையில ரங்கநாதர் பள்ளி கொண்ட ஊர். சாமியே படுத்துத் தூங்குற ஊர்ல, மூணு வயசுப் புள்ளையை அஞ்சரை மணிக்கு எழுப்பி ஃபிளாஷ் கார்டு காட்டுறது என்ன நியாயம்?

12/ போன் பத்தி நேராவே சொல்லிடறேன். 2 வயசுக்குள்ள போன் வேண்டாம். 2 முதல் 5 வரைக்கும் அதிகபட்சம் ஒரு மணி நேரம், அதுவும் கூட ஒரு ஆள் உக்காந்து பேசிக்கிட்டே. இந்தியக் குழந்தைகள் மருத்துவர்கள் சங்கமும் 2021ல இதையேதான் சொன்னது. "கல்வி வீடியோதான் டாக்டர்"னு சொல்வீங்க. வீடியோ உங்க புள்ளை பேசுறதைக் கேக்காது. பதில் சொல்லாது. பேச்சு வளர்றதுக்கு எதிர்ல இருக்கிறவங்க பதில் சொல்லணும்.

13/ "வீட்ல செஞ்சா உண்மையிலயே பலன் இருக்கா, இல்ல நீங்களும் கதை விடறீங்களா?" நல்ல கேள்வி. ஜமைக்கா நாட்டுல கிங்ஸ்டன் நகரம். 1980கள்ல, வயசுக்கு ஏத்த உயரம் இல்லாத 129 ஏழைக் குழந்தைங்களை வச்சு ஒரு ஆய்வு தொடங்கினாங்க. வயசு 9 மாசத்துல இருந்து 24 மாசம். அதுல சில குடும்பங்களுக்கு மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு மணி நேரம், ஒரு சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே போவாங்க. ரெண்டு வருஷம்.

14/ அவங்க கையில என்ன எடுத்துட்டுப் போனாங்க? வீட்ல கிடைக்கிற சாமான்ல செஞ்ச பொம்மை. யாருக்குச் சொல்லிக் கொடுத்தாங்க? புள்ளைக்கு இல்ல, அம்மாவுக்கு. எப்படி விளையாடணும், எப்படிப் பேசணும்னு. 20 வருஷம் கழிச்சுப் பார்த்தப்போ, அந்த வீட்டுப் புள்ளைங்களோட சம்பாத்தியம், அப்படி யாரும் போகாத வீட்டுப் புள்ளைங்களை விட சுமார் 25% அதிகம். 2014ல 'சயின்ஸ்' இதழ்ல வந்தது. ஊட்டச்சத்து மட்டும் கொடுத்த வீடுகள்ல இந்த ஏற்றம் வரல.

15/ இன்னொரு உதாரணம். "மாண்டிசோரி பொம்மை"ன்னு இன்னைக்கு மரத்துல செஞ்சு ஆயிரக்கணக்குல விக்கிறாங்களே, அந்த மரியா மாண்டிசோரி யாரு? ஒரு டாக்டர். 1896ல ரோம்ல மருத்துவம் முடிச்சவங்க. 1907 ஜனவரி 6 அன்னிக்கு சான் லோரென்சோங்கிற ஏழைங்க பகுதியில, ஒரு குடியிருப்புக் கட்டடத்துல முதல் 'குழந்தைகள் இல்லம்' திறந்தாங்க. யாருக்காக? அம்மா அப்பா ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா, படிக்கட்டுல தனியா சுத்திக்கிட்டு இருந்த புள்ளைங்களுக்காக.

16/ நம்ம ஷூ கம்பெனி வீட்டுப் புள்ளைங்க மாதிரியே. அங்க அவங்க சொல்லிக் கொடுத்த முதல் பாடமெல்லாம் கை கழுவுறது, பெருக்குறது, தண்ணி ஊத்துறது, பட்டன் போடுறது. அவங்க 1939ல நம்ம சென்னை அடையாறுக்கே வந்தாங்க. உலகப் போர் காரணமா 1946 வரைக்கும் இந்தியாவுல இருந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க. கூலி வேலைக்காரங்க புள்ளைங்களுக்காகப் பிறந்த ஒரு முறையை, அந்தக் கூலி வேலைக்காரங்களே கடன் வாங்கி வாங்குற பொருளா மாத்திட்டாங்க. இதை விட ஒரு அநியாயம் சொல்லுங்க பார்ப்போம்.

17/ "எல்லாம் சரி டாக்டர், நேரம் எங்க இருக்கு?" இருக்கு. புதுசா அரை மணி நேரம் தேட வேண்டாம். புள்ளையைக் குளிப்பாட்டுற 10 நிமிஷம், சோறு ஊட்டுற 10 நிமிஷம், தூங்க வைக்கிற 10 நிமிஷம். இந்த மூணுலயும் போன் வேண்டாம், டிவி வேண்டாம், பேச்சு மட்டும். எப்படியும் செலவாகுற நேரம்தான் இது. பேச்சை மட்டும் சேர்த்துக்கோங்க. ஆயா பாத்துக்கிற பகல்ல இன்னொரு பத்து இருபது நிமிஷம் கிடைச்சா அது போனஸ்.

18/ அந்தப் பகல் நேரத்துக்குத்தான் திட்டம் வேணும். ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒரு 15 நிமிஷம். ஒரு பழைய கட்டைப்பை எடுங்க. அந்த வாரத்துக்கான சாமானை அதுல போடுங்க. ஆயாகிட்ட "திங்கள் இது, செவ்வாய் இது"ன்னு வாயால சொல்லிடுங்க. படிக்கத் தெரியாத ஆயாவும் செய்யலாம். சொல்லப் போனா அவங்கதான் நல்லா செய்வாங்க. நான் ஒரு மாதிரி வாரம் தர்றேன். 3 முதல் 5 வயசுக்கு. உங்க வீட்டுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

19/ திங்கள் - துணி. காஞ்ச துணியைக் குவிச்சுப் போடுங்க. அப்பா துணி ஒரு பக்கம், பாப்பா துணி ஒரு பக்கம். பெருசு, சின்னது. ஜோடி சேர்க்கிறது. கர்சீப்பை நாலா மடிக்கிறது. கணக்கு, நிறம், விரல் வேலை மூணும் முடிஞ்சது.

செவ்வாய் - எண்ணுறது. அன்னிக்குப் பொய்கை சந்தைக்கு மாட்டு வண்டி போகும். மாடியிலயோ திண்ணையிலயோ உக்காந்து எத்தனை வண்டி, என்ன நிறம் மாடு. ஹைவே ஓரம் கூட்டிட்டுப் போகாதீங்க.

20/ புதன் - அடுப்படி. கீரை ஆயச் சொல்லுங்க. வெந்த உருளைக்கிழங்கை உரிக்கட்டும். சப்பாத்தி மாவுல ஒரு உருண்டை கொடுங்க, உருட்டட்டும், கிள்ளட்டும், பாம்பு செய்யட்டும். அடுப்புக்கும் அருவாமனைக்கும் தூரமா.

வியாழன் - கோலம். தட்டுல அரிசி மாவைப் பரப்பி விரலால கோடு, வட்டம். அழிச்சு மறுபடியும். மேல சொன்ன ஃ அன்னிக்குப் போடலாம். புள்ளை கேட்டா மட்டும்.

21/ வெள்ளி - கதை. புக் வேண்டாம். ஆயா சின்ன வயசுல பாலாத்துல தண்ணி ஓடினதைச் சொல்லட்டும். அம்மா கம்பெனியில இன்னிக்கு என்ன கலர் ஷூ தைச்சாங்கன்னு சொல்லட்டும். நடுவுல மூணு கேள்வி: யாரு? ஏன்? அப்புறம் என்ன ஆச்சு? புள்ளை தப்பா சொன்னாலும் கேளுங்க.

சனி - உடம்பு. நொண்டி, பாண்டி, பந்து, கல் தாண்டுறது. ஒத்தக் கால்ல குதிக்கிறது சுமார் 4 வயசுல வரும். 3 வயசுல வரலன்னா கவலைப்படாதீங்க.

ஞாயிறு - தண்ணி. ரெண்டு டம்ளர், ஒரு சொம்பு. பாதி, முழுசு, காலி. ஒரு பெரியவர் கை எட்டுற தூரத்துல இருக்கணும்.

22/ மொத்தச் செலவு? பூஜ்யம். இதுக்கு நாலு விதி மட்டும்.
ஒண்ணு, ஒரு நாளைக்கு ஒரே வேலை.
ரெண்டு, புள்ளை போதும்னா போதும். அஞ்சு நிமிஷத்துல எழுந்து ஓடினாலும் அது பாஸ்தான்.
மூணு, பரீட்சை கிடையாது. "இது என்ன கலர் சொல்லு, அது என்ன சொல்லு"ன்னு போலீஸ் விசாரணை வேண்டாம்.
நாலு, இதை வீடியோ எடுக்காதீங்க. எடுத்தா நீங்க புள்ளையைப் பார்க்க மாட்டீங்க, ஸ்க்ரீனைப் பார்ப்பீங்க.

23/ எந்த மொழியில? உங்க மொழியில. எங்க பக்கம் தமிழ், உருது, தெலுங்குன்னு ஒரே தெருவுல மூணு மொழி ஓடும். "வீட்ல இங்கிலீஷ்லயே பேசுங்க, ரெண்டு மொழி பேசினா புள்ளை குழம்பிடும்"னு சொல்லி அனுப்புறாங்க. ரெண்டு மொழி கேட்டு வளர்றதால பேச்சு தாமதமாகாது. தெரியாத இங்கிலீஷ்ல நாலு வார்த்தை பேசுற அம்மாவை விட, தெரிஞ்ச உருதுல நானூறு வார்த்தை பேசுற அம்மாகிட்ட புள்ளை அதிகம் கத்துக்கும்.

24/ இப்போ பெட்டிக்குள்ள இருக்கிற ஆபத்து. தண்ணியில ஊதுற அந்த ஜெல் உருண்டை. புள்ளை முழுங்கினா குடலுக்குள்ள போயும் ஊதும், அடைச்சிடும். எக்ஸ்ரேயில சாதாரணமா தெரியாது. 2023ல அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே எச்சரிக்கை விட்டது. சின்னப் புள்ளை இருக்கிற வீட்ல அது இருக்கவே கூடாது. வட்ட பேட்டரி இன்னும் மோசம். உணவுக்குழாய்ல மாட்டினா 2 மணி நேரத்துல புண்ணாக்க ஆரம்பிக்கும். முழுங்கின சந்தேகம் வந்தாலே உடனே பெரிய ஆஸ்பத்திரி.

25/ வீட்டுச் சாமான் எல்லாமே பத்திரம்னும் நினைக்காதீங்க. புளியங்கொட்டை, வேர்க்கடலை, பட்டாணி, மணி. மூச்சுக்குழாய்ல போனா நிமிஷக் கணக்குதான். வாய்க்குள்ள போற அளவுல இருக்கிற எதுவும் 3 வயசுக்குள்ள வேண்டாம். அதுக்கு மேலயும் கண்ணு முன்னாடிதான். பல்லாங்குழி நல்ல ஆட்டம், கணக்கும் வரும். அஞ்சு வயசு ஆகட்டும். பாதி வாளித் தண்ணியிலயும் ஒரு வயசுப் புள்ளை மூழ்கும். ஆட்டம் முடிஞ்சதும் கவுத்து வைங்க.

26/ எங்க பெல்ட்டுக்குன்னு தனியா ஒண்ணு. வீட்ல அப்பர் தைக்கிறவங்க, கம்பெனியில இருந்து தோல் துண்டு கொண்டு வர்றவங்க கவனிங்க. அது விளையாட்டுச் சாமான் இல்ல. குரோம் போட்டுப் பதனிட்ட தோலைப் புள்ளை வாயில வைக்கக் கூடாது. அதை அடுப்புல எரிக்கவே கூடாது. எரிச்சா அதுல இருக்கிற குரோமியம், புற்றுநோய் உண்டாக்குற வடிவத்துக்கு மாறி சாம்பல்ல நிக்கும். ஒட்டுற பசை டப்பாவைத் திறந்து வச்சு அந்த ரூம்ல புள்ளையைத் தூங்க வைக்காதீங்க. சொல்யூஷனைத் தண்ணி பாட்டில்ல ஊத்தி வைக்காதீங்க.

27/ 1996ல வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல, தோல் ஆலைக் கழிவு பத்தி உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான கொள்கையை நம்ம சட்டத்தோட ஒரு பகுதின்னு சொன்னது. கேடு நிச்சயம்னு நிரூபணம் ஆகுற வரைக்கும் காத்திருக்கக் கூடாது, முன்னாடியே தடுக்கணும். பாலாத்துக்குச் சொன்ன அந்த முன்னெச்சரிக்கை, தையல் வேலை நடக்கிற நம்ம வீட்டு நடு ரூமுக்கும் வேணும். வேலை செய்யுற இடத்துக்கும் புள்ளை விளையாடுற இடத்துக்கும் நடுவுல ஒரு பாயாவது எல்லையா இருக்கட்டும்.

28/ எந்த ஆக்டிவிட்டியும் சரி பண்ணாத விஷயங்கள் உண்டு. ஒரு வயசுல பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பலையா? ஒன்றரை வயசுல அர்த்தமுள்ள ஒரு வார்த்தை கூட இல்லையா? ரெண்டு வயசுல "அம்மா வா", "தண்ணி தா" மாதிரி ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லலையா? பேசிக்கிட்டு இருந்த புள்ளை பேச்சை நிறுத்திடுச்சா? "அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினாரு"ன்னு காத்திருக்காதீங்க. கூட்டிட்டு வாங்க. முதல்ல காது டெஸ்ட்.

29/ காது கேக்காத புள்ளைக்கு 2,800 ரூபா பெட்டி வாங்கிக் கொடுத்து ஒரு வருஷம் காத்திருந்தா, அந்த வருஷம் திரும்பி வராது. அரசுல ஆர்.பி.எஸ்.கே. திட்டம் 2013ல இருந்து நடக்குது. அந்த டீம் அங்கன்வாடிக்கே வந்து பார்ப்பாங்க. மேல சிகிச்சைக்கு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கு. 6 வயசுக்குள்ள இருந்தா, காதுக்குள்ள வைக்கிற காக்ளியர் கருவிக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உதவும். டானிக்குக்குக் கொடுக்கிற காசை பஸ்ஸுக்குக் கொடுங்க.

30/ இன்னொண்ணு ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல இந்தியாவுல 6 மாசத்துல இருந்து 59 மாசம் வரைக்கும் உள்ள குழந்தைகள்ல 67% பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து இல்லாத புள்ளை சோர்ந்து உக்காரும், கவனம் நிக்காது. நாம "மந்தமா இருக்கான்"னு சொல்லி இன்னொரு புக் வாங்குவோம். இரும்புச்சத்து சிரப்பும் பூச்சி மாத்திரையும் கிராம செவிலியர்கிட்டயும் அங்கன்வாடியிலயும் இலவசம். மூளைக்கு டானிக்னு கேட்டீங்களே, அதுக்கு மிகக் கிட்ட வர்றது இதுதான்.

31/ இதுவரைக்கும் அம்மா, ஆயான்னே பேசிட்டேன். அப்பாக்களே, உங்களைத்தான். தூங்க வைக்கிற 10 நிமிஷம் உங்களுது. லாரி ஓட்டுறவரா இருந்தா வர்ற அன்னிக்கு. ஷிஃப்ட் முடிஞ்சு வர்றவரா இருந்தா டீக்கடைக்கு முன்னாடி. "எனக்குக் கதை சொல்லத் தெரியாது"ன்னு சொல்லாதீங்க. டோல்கேட்ல நடந்த சண்டையை நண்பர்கள்கிட்ட அரை மணி நேரம் நடிச்சுக் காட்டுறீங்களே, அதே கதைதான்.

32/ ஆனா எல்லாத்தையும் குடும்பத்து தலையில கட்டிட்டுப் போறதும் ஏமாத்துதான். அம்மாவோட பத்து மணி நேரத்தை எடுத்துக்கிற இடத்துக்கும் பொறுப்பு உண்டு. 1948 தொழிற்சாலைகள் சட்டத்துலயே, 30 பெண்களுக்கு மேல வேலை செஞ்சா ஆறு வயசுக்குள்ள உள்ள புள்ளைங்களுக்குக் காப்பகம் வேணும்னு இருந்தது. 2017 மகப்பேறு சட்டத் திருத்தத்துல, 50 பேருக்கு மேல இருந்தா காப்பகம், அம்மா ஒரு நாளைக்கு 4 தடவை போய்ப் புள்ளையைப் பார்க்கலாம்னு வந்தது. புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புலயும் அந்த 50ம் 4ம் இருக்கு.

33/ உங்க கம்பெனியில காப்பகம் இருக்கான்னு கேளுங்க. இருந்தா திறந்திருக்கான்னு பாருங்க. ஒருத்தர் கேட்டா முணுமுணுப்பு, நாப்பது பேர் கேட்டா கோரிக்கை. வெளிநாட்டு பிராண்டுக்குப் போற ஷூ இது. தணிக்கைக்கு வர்றவங்க முன்னாடி அந்தக் கேள்வி ஒலிக்கணும். வீட்ல உக்காந்து அப்பர் தைக்கிற அம்மாக்களுக்கு இந்தக் காப்பக உரிமையும் எட்டல. அவங்க தைக்கிற ஷூவும் அதே கடைக்குத்தான் போகுது.

34/ அரசுக்கும் ஒரு கேள்வி. அரசு ஊழியனா இருந்துகிட்டே கேக்கிறேன். கொரோனா இடைவெளியைச் சரி பண்ண 2021 அக்டோபர்ல இல்லம் தேடிக் கல்வி ஆரம்பிச்சாங்க. தெருவுக்குத் தெரு தன்னார்வலர், சாயந்தரம் 5 முதல் 7க்குள்ள ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். பாராட்ட வேண்டிய திட்டம். ஆனா ஆரம்பிச்சப்போ அது ஒண்ணாம் வகுப்புல இருந்து எட்டு வரைக்கும். மூளை வேகமா வளர்ற முதல் அஞ்சு வயசு அதுல இல்ல. ஜமைக்காவுல செஞ்சதை நம்மால செய்ய முடியாதா? ஆள் பலம் நம்மகிட்ட அதை விட அதிகமா இருக்கு.

35/ அங்கன்வாடிக்குன்னு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'ன்னு ஒரு நல்ல பாடத்திட்டமே தமிழ்நாட்டுல இருக்கு. பேரே சொல்லுது, என்ன செய்யணும்னு. பால்வாடின்னு சொல்லி ஒதுக்கிட்டு, காசு கட்டி பெஞ்சுல உட்கார வைக்கிற இடத்துக்கு அனுப்புறோம். முதல்ல உங்க தெரு அங்கன்வாடியில போய் அரை நாள் உக்காந்து பாருங்க. அரசு செய்ய வேண்டியது, ஷூ கம்பெனி பெல்ட்ல இருக்கிற அங்கன்வாடிகளை வேன் திரும்புற நேரம் வரைக்கும் திறந்து வைக்கிறது. அதுக்கு ஆளும் சம்பளமும் கொடுத்து.

36/ ரீல்ஸ் போடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. உங்க வீட்ல நேரம் இருக்கு, வேலைக்கு ஆள் இருக்கு, புள்ளைக்குத் தனி ரூம் இருக்கு. சந்தோஷம். ஆனா அதைப் பார்த்து ஒரு அம்மா ராத்திரி எட்டு மணிக்கு, கம்பெனியில இருந்து வந்த களைப்போட, "நான் நல்ல அம்மா இல்ல"ன்னு அழறாங்க. அடுத்த நிமிஷம் உங்க லிங்க்கை அழுத்துறாங்க. அந்தக் கமிஷனை வாங்கும்போது இதையும் நினைச்சுக்கோங்க.

37/ ஏற்கனவே பெட்டி வாங்கிட்டீங்களா? பரவால்ல. ஜெல் உருண்டையையும் சின்ன மணியையும் காந்தத்தையும் எடுத்துக் குப்பையில போடுங்க. மீதியை வச்சுக்கோங்க, கெடுதல் இல்ல. காலி அட்டைப் பெட்டியைப் புள்ளைகிட்ட கொடுங்க. அது வண்டியாகும், வீடாகும், மாட்டுக் கொட்டாய் ஆகும். 2,800 ரூபாயில உருப்படியான பொருள் அதுதான்.

38/ கடைசியா. இன்னிக்கு ராத்திரி விளக்கை அணைச்சிட்டு, போனை அடுத்த ரூம்ல வச்சிட்டு, புள்ளைகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. "இன்னிக்கு என்ன பண்ண?" பதில் ஒரு வார்த்தையா வரலாம். சம்பந்தமே இல்லாமலும் வரலாம். குறுக்க பேசாம பத்து நிமிஷம் கேளுங்க. நாளைக்கும் கேளுங்க. இந்த த்ரெட்டை உங்க வீட்டு ஆயாவுக்கு வாயால படிச்சுக் காட்டுங்க.